போன் திருடு போனால் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்: போலீஸ் தேடுவது சிம்மை அல்ல, செட்டை

போன் காணோம் என்றதும் பெரும்பாலானவர்கள் பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கித் தங்கள் நம்பருக்கே அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று தடவை அடித்துப் பார்க்கலாம், யாராவது நல்ல மனிதர் எடுத்து வைத்திருக்கக் கூடும். கட் பண்ணுகிறார்கள், ஸ்விட்ச் ஆஃப் வருகிறது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் "சிம்மை பிளாக் பண்ணிடாதே, அப்புறம் போலீஸால் பிடிக்க முடியாது" என்பார். அதை நம்பி சிம்மை ஒருநாள் முழுக்க அப்படியே விட்டுவைப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

திருடியவன் உங்கள் சிம்மோடு போனை வைத்துக்கொண்டு திரிய மாட்டான். கழற்றி எறிவான், அல்லது வேறொரு போனில் போட்டு உங்கள் பேங்க் ஓ.டி.பி. வருகிறதா என்று பார்ப்பான். போலீஸுக்கு வேண்டியது அந்த சிம்மே இல்லை. ஒவ்வொரு செட்டுக்கும் 15 இலக்கத்தில் ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்று இருக்கிறது, இரண்டு சிம் போடும் போனில் அது இரண்டு. போன் நெட்வொர்க்கில் சேரும்போது சிம்மின் அடையாளத்தோடு இந்த எண்ணும் டெலிகாம் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஆகவே நாளைக்கு எவர் எந்த சிம்மைப் போட்டாலும், அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது, எந்த டவரில் பேசுகிறது என்பதை எடுத்துவிட முடியும். முகவரி கிடைப்பது பெரும்பாலும் அந்தப் புது சிம் வாங்கக் கொடுத்த ஆவணத்திலிருந்துதான். டவரை வைத்து மட்டும் வீட்டைச் சொல்ல முடியாது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்துப் பக்கம் சில கிலோமீட்டர் சுற்றளவு என்றுதான் அது காட்டும்.

முன்பெல்லாம் இந்த விவரத்துக்கு எஸ்.பி. நிலை அதிகாரி வழியாக ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு சாதாரண போனுக்காக அவ்வளவு தூரம் போவது அபூர்வம். 2023 மே மாதம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை சஞ்சார் சாத்தி தளத்தை நாடு முழுவதற்கும் திறந்தது. அதற்குள் இருக்கும் சி.இ.ஐ.ஆர். என்ற பதிவேட்டில் உங்கள் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்தால், 24 மணி நேரத்துக்குள் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாதபடி ஆகிவிடும். இங்கேயும் அதே பயம் வருகிறது: "செட்டை பிளாக் பண்ணினால் டிரேஸ் பண்ண முடியாதே?" முடியும். பிளாக் ஆன போனில் ஒருவர் சிம்மைப் போட்டுப் பார்த்தால் அந்த முயற்சியே பதிவாகி, விவரம் காவல் நிலையத்துக்குப் போகிறது. பிளாக் செய்வது டிரேஸை ஆரம்பித்து வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு வரிசையை மாற்றுவது. முதலில் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள், கையோடு பேங்க், யு.பி.ஐ. எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார். பிறகு அதே நம்பரில் டூப்ளிகேட் சிம். கடைசியாக சி.இ.ஐ.ஆர். பதிவு. அந்தப் படிவத்தில் புகார் நகலைக் கேட்பார்கள், ஓ.டி.பி.யும் வரும். டூப்ளிகேட் சிம் வாங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது என்பது விதி, பலர் இது தெரியாமல் "தளமே வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

புகார் எழுதும்போது பறித்துக்கொண்டு ஓடினார்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடியும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், பறிப்புக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது (பாரதிய நியாய சன்ஹிதா 304). தொலைந்தது என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும், நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு எதிராக நிற்கும். திருச்சியில் பஸ் ஏறி தாம்பரத்தில் இறங்கும்போதுதான் போன் இல்லை என்று தெரிகிறதா? "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் போடும் எஃப்.ஐ.ஆர்.) கேட்கலாம், 2024 ஜூலை 1 முதல் அது சட்டத்திலேயே இருக்கிறது. ரயில் என்றால் ரயில்வே உதவி எண் 139.

பில் இல்லை, பெட்டியைப் பழைய பேப்பரில் போட்டாயிற்று என்று புகாரே கொடுக்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸ் இன்னும் இருக்கும், பெரும்பாலும் ஐ.எம்.இ.ஐ. அதிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு என்றால் வேறொரு கருவியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் ஹப்பில் பாருங்கள், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கில் கருவிகள் பட்டியலில் இருக்கும். போன் கையில் இருப்பவர்கள் இப்போதே *#06# அடித்து எண்ணைத் தனியாக எங்காவது எழுதி வையுங்கள், அந்த போனிலேயே சேமித்துப் பயனில்லை. சில போன்கள் 15 இலக்கத்துக்குப் பின் ஒரு கோடு போட்டு இன்னும் இரண்டு இலக்கம் காட்டும், அதை எழுதக் கூடாது.

ஃபைண்ட் ஹப்பில் இடம் தெரிந்ததும் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு இடம் காட்டாது. முதலில் பூட்டுங்கள், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு கொடுங்கள். நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நீங்களே போகவே கூடாது. அங்கே இருப்பவர் யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு போனுக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள், தயவுசெய்து.

சில நாள் கழித்து "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாஸ்வேர்டு போட்டுப் பாருங்கள்" என்று மெசேஜ் வரலாம். ஐபோன் தொலைத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பூட்டைத் திறக்க முடியாமல் திண்டாடுகிறவன் அனுப்புவதுதான் அது. பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள், யார் சொன்னாலும் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்காதீர்கள். ஐ.எம்.இ.ஐ.யை வைத்து இடத்தைக் காட்டித் தருகிறோம் என்று பணம் கேட்கும் ஆப்களும் ஆட்களும் சுத்த மோசடி. கம்பெனியின் பதிவுகள் இல்லாமல் வெளியாள் எவராலும் அதைச் செய்ய முடியாது.

எல்லா போனும் திரும்பி வராது என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்து உதிரி பாகமாக விற்றுவிட்டால், எல்லை தாண்டிப் போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஐ.எம்.இ.ஐ.யையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்றாலும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அணைந்து கிடந்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய யாரோ ஒருவர் சிம் போட்ட நாளில் சிக்கும் போன்களும் உண்டு. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம் என்றால், பழைய போன் வாங்கும் முன் KYM என்று அடித்து, இடம் விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

சி.இ.ஐ.ஆர். பதிவு செய்ததும் வரும் கோரிக்கை எண்ணையும் பத்திரமாக வையுங்கள். நிலையத்தில் கேட்கும்போதும் அதுதான் உதவும், போன் கையில் வந்த பிறகு பிளாக்கை எடுக்கவும் அது வேண்டும். அதை எடுக்காமல் சிம்மைப் போட்டுவிட்டு நெட்வொர்க் வரவில்லையே என்று போனை ரிப்பேருக்குக் கொண்டு போகாதீர்கள்.