1938-ஆம் ஆண்டின் சுவீடன் வெள்ளி நாணயத்தைச் சோதித்து வாங்கும் முறை

கல்மார் நிக்கேல் என்ற கப்பலில் 1638-இல் வந்திறங்கிய சுவீடன் நாட்டினர், இன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரம் இருக்கும் இடத்தில் கிறிஸ்டினா கோட்டையைக் கட்டினார்கள். அதன் 300-ஆம் ஆண்டு நிறைவுக்காக சுவீடன் 1938-இல் வெளியிட்ட 2 குரோனர் வெள்ளி நாணயத்தின் ஒரு பக்கத்தில் மன்னர் ஐந்தாம் குஸ்தாவும் மறுபக்கத்தில் அந்தக் கப்பலும் இடம்பெற்றுள்ளனர். அமெரிக்கா இதே நிகழ்வுக்காக வெளியிட்ட அரை டாலரிலும் அதே கப்பல் உண்டு என்பதால், படத்தை மட்டும் நம்பாமல் பொறித்திருக்கும் மதிப்பையும் படித்துக்கொள்ள வேண்டும்.

நாணயத்தின் எடை 15 கிராம், விட்டம் 31 மி.மீ.; 80 விழுக்காடு வெள்ளி என்பதால் அதில் தூய வெள்ளி 12 கிராம். எடை சரியாக இருந்தாலும் உலோகம் வேறாக இருக்கலாம். எனவே தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தைக் குவளையின் அடியிலும் பக்கங்களிலும் படாமல் முழுக்க அமிழ்த்திப் பாருங்கள். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை; அது ஏறத்தாழ 1.48 கிராம் என்றால் உலோகம் பொருந்துகிறது. செம்பும் நிக்கலும் கலந்த போலியானால் 1.68 கிராமை ஒட்டி வரும்.

அடுத்து, உருப்பெருக்கியால் விளிம்பை முழுச்சுற்றும் பாருங்கள். பழைய வெள்ளி நாணயங்களைப் பதக்கமாகவும் உடை ஊசியாகவும் அணிந்த வழக்கம் இருந்ததால், வளையத்தைப் பற்றவைத்து எடுத்த தழும்பு, அராவிய கோடு, அவ்விடத்தில் மட்டும் மாறிய நிறம் ஆகியவற்றைத் தேட வேண்டும். அத்தகைய நாணயத்துக்கு வெள்ளியின் விலைக்கு மேல் கொடுப்பது சரியன்று என்பதே என் கருத்து.

தேய்மானம் மன்னரின் காதுக்கு மேலுள்ள முடியிலும், பாய்களின் மேடான பகுதியிலும் முதலில் தெரியும். சுவீடன் விற்பனையாளர்களின் தரக்குறியீட்டில் 0 என்பது புழக்கத்துக்கே வராத நாணயத்தையும், 01 அதற்கு அடுத்த நிலையையும், 1+ மிதமான தேய்மானத்தையும் குறிக்கும். 1 என்பது அதற்கும் கீழான தரம்.

வாங்கிய பிறகு தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். பல ஆண்டுகளில் தானாகப் படிந்த கருமை நாணயத்தின் இயல்பான மேற்பரப்பு. தேய்த்தால் அதனுடன் நுண்ணிய விவரங்களும் போய்விடும், எந்த வழியிலும் மீட்க முடியாது. விளிம்பை மட்டும் பிடித்து, பிவிசி கலவாத உறையில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கைப் படியவிட்டு வெள்ளியை அரிக்கும்.