ஆற்காட்டு ரூபாயை விற்கும் முன் செய்யும் தவறுகள்

ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் பக்கம் பழைய வீட்டைப் பங்கு பிரிக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று அகப்படுவதுண்டு. உள்ளே கறுத்துப்போன வெள்ளிக் காசுகள் சில, செம்புக் காசுகள் ஒரு கைப்பிடி. அதை அவிழ்த்ததும் பலரும் செய்கிற முதல் வேலைதான் இருப்பதிலேயே பெரிய தவறு: விபூதி போட்டுத் தேய்ப்பது.

வெள்ளிக் கிண்ணத்துக்கு அது சரி, காசுக்கு ஆகாது. விபூதி, பல்பொடி, பற்பசை மூன்றுமே பொடி அரம் போல மேல்தோலைச் சுரண்டும். புளியும் எலுமிச்சையும் செம்பின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த பழுப்பை அரித்து, வெறும் செம்பாக்கிவிடும். பளபளப்பு வரும், ஆனால் சேகரிப்பவர் லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும், விலை அங்கேயே விழும். கறுப்பை மீண்டும் வரவழைக்க வழியில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிஷம் போட்டு, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். அடுப்பு பக்கத்தில் வேண்டாம், அது சட்டென்று தீப்பிடிக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும், அது உதவாது. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளால் ஜன்னல் வைத்த அட்டை உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு பெயரை நம்பி மயங்குவது. பழைய வெள்ளி ரூபாயில் ‘ஆற்காடு’ என்று பாரசீக எழுத்தில் இருப்பதால் நம்மூர் நவாப் அடித்தது என்று எண்ணி லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். ஆற்காட்டு ரூபாய்களில் மிகுதியானவை ஆங்கிலேயக் கம்பெனி சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அடித்தவை. தாமரைப் பூ இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி. கம்பெனிக் காசில் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சி ஆண்டு 6 என்ற பதிவும் காணப்படும். ஹிஜ்ரி 1172 என்பது 1758-59. அந்த ஆண்டை மாற்றாமலே பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே அதில் உள்ள ஆண்டை வைத்து வயது சொல்ல முடியாது. அச்சு பெரிது, அதில் வைத்து அடித்த வெள்ளி வில்லை சிறிது என்பதால் பாதி எழுத்து வெளியே போயிருக்கும். பூவும் ஆண்டும் இரண்டும் முழுசாக விழுந்த காசுக்குத்தான் மதிப்பு. பழைய சராப்கள், அதாவது காசு மாற்றும் வியாபாரிகள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய முத்திரைகள் மேலே நிறைய இருந்தால் விலை குறையும்.

பழசு என்றாலே விலை என்பதும் தப்புக் கணக்கு. 1808 எனப் போட்ட கம்பெனியின் 10, 20 காசுச் செம்புகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. பின்னாளில் கடலடியிலிருந்து அவற்றை ஏராளமாக எடுத்துவிட்டார்கள். இருநூறு வயது தாண்டியும் அவை அபூர்வமில்லை.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ மதிப்புக் கேட்பதில் தவறில்லை. அங்கே சொல்வது உலோக விலை மட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1835 முதல் வந்த ராஜா, ராணி தலை ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான், 5.83 கிராம். 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே கிடையாது. இந்தச் சுத்த வெள்ளி எடையை, விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கையில் இருக்கும். 1917, 1918 ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் உண்மையிலேயே அரியது, அதனாலேயே போலியும் அதிகம். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் நிறுத்து, மேலே சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். விளிம்பில் ஒட்டுக்கோடும் மேலே நுண்குழிகளும் தெரிந்தால் வார்த்த போலி. காசுமாலைக்காகத் துளையிட்டதும் வளையம் பற்றவைத்ததும் ஏறக்குறைய உலோக விலைக்குத்தான் போகும். வளையத்தை அறுத்து எடுக்காதீர்கள், தழும்பு இன்னும் மோசம்.

ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்றிருப்பது நாணயமே அல்ல, பிற்காலத்தில் செய்த வில்லை. அரிசியை இழுக்கும் சக்தியுள்ள காசு, இரிடியம் உலோகம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அது மோசடி. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பழைய காசு விற்றுத் தருவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷனோ வரியோ முன்பணமாகக் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021-ல் எச்சரித்தது.

சட்டத்தை மறக்கிறவர்களும் உண்டு. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தது குடும்பச் சொத்து ஆகாது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக் கூடாது. துபாய்க்காரர் நல்ல விலை கேட்டாலும் பார்சல் போடாதீர்கள்.

ஒரே ஆளிடம் காட்டிவிட்டு அன்றைக்கே கொடுப்பதுதான் வருத்தம் தரும் தவறு. முதலில் ஒவ்வொரு காசுக்கும் எண் போட்டு, இரு பக்கமும் விளிம்பும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையும் விட்டமும் எழுதுங்கள். அக்கா தங்கைகள் உட்படப் பங்குதாரர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் கையெழுத்திடட்டும். இன்ன காசு என்று தெரிந்துகொள்ள வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ எழும்பூர் அருங்காட்சியகத்திலோ விசாரிக்கலாம்; விலை அவர்கள் வேலையல்ல. விலைக்கு, மும்பை, பெங்களூரு ஏலக் கம்பெனிகள் வெளியிடும் பட்டியலில் அதே வகை, அதே தேய்மானக் காசு கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். இணையத்தில் எவரோ கேட்கும் விலை கணக்கில் சேராது. சாதாரணக் காசுக்கு, அசல்தான், இன்ன தரம் என்று சொல்லும் தரச்சான்று வாங்கினால் செலவுகூடத் திரும்பாது. ஏலத்துக்குக் கொடுத்தால் கமிஷன், குறைந்தபட்ச விலை, பணம் வரும் நாள், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள். நேரில் விற்றால் ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே காசைக் கொடுங்கள்.