முற்றத்துக் கம்பியில் வியாழனின் இரைச்சலைக் கேட்பது எப்படி?

வானொலி அலை என்றதும் ஒலிபரப்பு நிலையமும் அதன் கோபுரமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அந்த அலை பிறப்பதற்கு, மின்னேற்றமுள்ள ஒரு துணிக்கை, பெரும்பாலும் ஓர் இலத்திரன், தன் வேகத்தையோ திசையையோ மாற்றினால் போதும். காந்தப்புலத்தில் அகப்பட்ட இலத்திரன் புலக்கோட்டைச் சுற்றிச் சுருளாக ஓடுகிறது. கணந்தோறும் திசை மாறுவதால் அலையை வீசிக்கொண்டே இருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிய இலத்திரன்கள் பால்வீதியெங்கும் இவ்வாறு சுழன்று எழுப்பும் இரைச்சலையே 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலிப் பொறியியலாளர் கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹேர்ட்ஸில் கேட்டார். ஐதரசன் அணுக்கள் விடும் 21 சென்ரிமீற்றர் அலை வேறு வகை; அதற்கு வேறு கருவி வேண்டும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் வளவில் இருந்தபடியே கேட்கத் தோதானது வியாழன்தான். அதன் துணைக்கோளாகிய அயோ 1.77 நாளுக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. கோளின் காந்தப்புலத்தை அது ஊடறுத்துச் செல்லும்போது பெரும் மின்னோட்டம் எழுந்து, இலத்திரன்கள் புலக்கோடுகள் வழியே துருவங்களை நோக்கிப் பாய்கின்றன. அங்கே அவை எந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) அலை வீசும் என்பதை அவ்விடத்துப் புலத்தின் வலிமையே தீர்மானிக்கிறது: காந்தப்புல வலிமையின் அலகான கவுஸ் ஒன்றுக்கு 2.8 மெகாஹேர்ட்ஸ். ஆகவே 20.1 மெகாஹேர்ட்ஸில் ஓர் இரைச்சல் கேட்டால், அது ஏறத்தாழ 7 கவுஸ் புலமுள்ள இடத்திலிருந்து கிளம்பியது என்று வீட்டு முற்றத்தில் இருந்தே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் நம் காலடியிலுள்ள புவிக்காந்தப்புலம் 0.4 கவுஸ் அளவே.

அன்ரனாவுக்குத் தலா 3.55 மீற்றர் நீளமான இரண்டு செப்புக்கம்பிகள் வேண்டும். ஒரு சாண் நீளமான பி.வி.சி. குழாய்த் துண்டின் இரு முனைகளிலும் துளையிட்டு, அவற்றில் கம்பிகளைக் கட்டி, தொலைக்காட்சிக் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றுடனும் வெளிவலையை மற்றதுடனும் பற்றாசு வைத்து இணையுங்கள். மழைநீர் கேபிளுக்குள் இறங்காதபடி இணைப்பை மெழுகால் மூடிவிடுவது நல்லது. இரண்டு கமுகமரக் கம்பங்களுக்கிடையில், நிலத்திலிருந்து மூன்றரை மீற்றர் உயரத்தில், நைலோன் கயிற்றால் வடக்குத் தெற்காக இழுத்துக் கட்டுங்கள். வியாழன் இங்கே உச்சிக்கு அண்மையாக, கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பதால் இந்தக் கிடை பொருந்தும். கம்பியின் முனைகள் நோக்கும் திசையில் அன்ரனாவுக்குக் காது மந்தம்.

வெளி அன்ரனா இணைக்கக்கூடிய, எஸ்.எஸ்.பி. (SSB, ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சிற்றலை வானொலி ஒன்று போதும். அதைப் பற்றறியிலேயே இயக்குங்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறைக்கு இது ஒரு சிரமமே அல்ல. மின்செருகியில் கொழுவிய சார்ஜரின் இரைச்சல் வியாழனை முற்றாக மூடிவிடும். வானொலியை 20.1 மெகாஹேர்ட்ஸுக்கு அண்மையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, அன்ரனாவைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் 'உஸ்' என்ற ஒலி சற்று உயர்ந்தால், சூழல் அமைதியாக இருக்கும் பட்சத்தில், அதன் பெரும்பகுதி ஜான்ஸ்கி கேட்ட அதே பால்வீதி இரைச்சல்.

நேரம்தான் கடினமான பகுதி. காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் செல்வதால் பொழுதுபட்ட பின்னரும் சில மணி நேரம் வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றமடைந்து கிடக்கும் படையாகிய அயனமண்டலம் கொந்தளித்தபடியே இருக்கும். வியாழன் வானில் நிற்கும் நாட்களில் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட வேளையே உகந்தது. அப்போதும் எல்லா இரவும் கேட்காது. அலை உள்ளீடற்ற கூம்பு வடிவில் வெளியேறுகிறது. அதன் சுவர் நம்மைத் தடவும்போது மாத்திரமே காதில் விழும். புவியிலிருந்து பார்க்கையில் வியாழனுக்கு நேர் பின்னால் உள்ள நிலையிலிருந்து அளக்கும் அயோவின் கோணம் 90 அல்லது 240 பாகைக்கு அண்மையில் நிற்க, வியாழனின் உரிய நெடுங்கோடும் நம்மை நோக்கியிருந்தால் வாய்ப்பு அதிகம். இவ்விரண்டும் சேரும் வேளைகளை நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டம் அட்டவணையாக வெளியிடுகிறது.

வியாழனின் ஒலி இரு வகைப்படும். ஒன்று, பருத்தித்துறைக் கரையில் அலை உடைவதுபோல ஓரிரு வினாடி எழுந்து தணியும். மற்றது, கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல மில்லிவினாடிக் கணக்கில் படபடக்கும்.

நான் முதன்முதலில் துள்ளியெழுந்து பதிவு செய்த 'வியாழப் புயல்', அடுத்த வளவில் எரிந்த எல்.ஈ.டி. மின்குமிழாக முடிந்தது. வெட்கப்படவில்லை, 1955இல் இந்த அலையைக் கண்டுபிடித்த அமெரிக்க ஆய்வாளர்கள் பேர்க்கும் பிராங்கிளினும்கூட முதலில் அதை ஏதோ வாகனத்தின் எஞ்சின் தீப்பொறி என்றே எண்ணினர். ஐயம் எழுந்தால் மீடிறனைச் சற்று மேலும் கீழும் நகர்த்துங்கள்: நிலையத்தின் ஒலி உடனே மறையும், வியாழனுடையது தொடரும். மின்னலின் ஒலியும் தொடரும்தான். ஆனால் அது தனித்தனி 'சடார்' ஆகவே வரும். எஞ்சுவது வீட்டுச் சாதனங்கள். பிரதான ஆளியை அணைத்த பின்னரும் ஒலி தொடர்ந்தால், கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தரை மணியைக் கழித்து, உலக நேரத்தில் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த ஒலி வியாழனை விட்டுப் புறப்பட்டு அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும்.