காரில் திரையை மூத்தவர் கண்ணுக்கும் ஏற்றபடி பொருத்துவது எப்படி?

தந்தையும் மகளும் ஒரே காரை ஓட்டும் வீட்டில், வழிகாட்டும் செல்போனை எங்கே பொருத்துவது என்பதைப் பெரும்பாலும் இளையவரே முடிவு செய்துவிடுகிறார். நானும் அப்படித்தான் செய்தேன். 40 வயதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் வெள்ளெழுத்து, அதாவது கிட்டே உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும் குறை, இருக்கும். தொலைவில் உள்ள சாலையிலிருந்து கையெட்டும் திரைக்குப் பார்வை மாறித் தெளிய நேரம் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 2 விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடுகிறது.

படி 1: காரை நிறுத்திவிட்டு, மூத்தவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லுங்கள். வழக்கமான மூக்குக்கண்ணாடி, சீட் பெல்ட் இரண்டும் அவசியம்.

படி 2: ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டாஷ்போர்டின் மேல்விளிம்பை ஒட்டிப் போனைப் பிடியுங்கள். சாலையை மறைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் இடம் வேண்டவே வேண்டாம்.

படி 3: இதற்குத்தான் பொறுமை வேண்டும். தொலைவில் உள்ள மரம் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, நீங்கள் குரல் கொடுத்ததும் திரையில் உள்ள தெருப்பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது அவருடைய மோவாயைக் கவனியுங்கள். அது மேலே எழும்பினால், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாக வாசிக்க முயல்கிறார் என்று பொருள்; பைஃபோகல் கண்ணாடியில் கிட்டே உள்ளதைப் பார்ப்பதற்கான இடம் அங்கேதான் இருக்கிறது. போனைச் சற்று இறக்குங்கள். மோவாய் நெஞ்சை நோக்கித் தாழ்ந்தால், அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். கியர் அருகே வைத்தால் சாலை ஓரப்பார்வையில்கூட நிற்காது.

என் தந்தை ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணைச் சுருக்கி மோவாயை உயர்த்துவார். அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தேன். நான்கு விரற்கடை இறக்கியதும் மோவாய் அசையவே இல்லை.

எந்த உயரத்திலும் எழுத்து தெளியவில்லையா? கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கும் பொருந்தும் கண்ணாடி கிடைக்கும்.

படி 4: எழுத்தைப் பெரிதாக்குங்கள். 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பகலில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இரவில் அதே வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். கறுப்புப் பின்னணிக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: இப்போது இளையவர் அமரட்டும். அவர் கண் சட்டென்று தெளியும், ஆனால் திரையிலேயே தங்கிவிடும். 2 விநாடிக்குள் பார்வை மரத்துக்குத் திரும்புகிறதா என்று எண்ணிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் குரல்வழிகாட்டலை இயக்கிவிடுங்கள்.

இடம் முடிவானதும் அங்கே போன் தாங்கியைப் பொருத்தி, அதைச் சுற்றிச் சிறிய டேப் துண்டுகளை ஒட்டி அடையாளம் வையுங்கள். யார் கழற்றினாலும் மீண்டும் அதே இடத்தில் பொருத்தலாம்.