விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ்: பென் டிரைவைச் செருகும் முன்பே நடக்கும் தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ‘சரி, இருக்கிற விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்திலேயே உபுண்டுவோ மின்ட்டோ போட்டுப் பார்ப்போம்’ என்று பலர் என்னிடம் வருகிறார்கள். இரண்டும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வகைகள். நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை லினக்ஸ் ஏற்றும்போது நடந்தவை அல்ல. அதற்கு முன் விண்டோஸுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் வந்தவை.

முதல் ஆள் பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. “நான் அதையெல்லாம் போடவே இல்லையே மாமா” என்றான் என் தங்கை மகன், இரவு பதினொரு மணிக்குப் போனில். அவன் போட வேண்டியதே இல்லை. பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். லினக்ஸ் ஏற்றுவதற்காக, விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறான்; அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கையோ லேப்டாப் வாங்கிய அன்று கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மின்னஞ்சல், என்ன பாஸ்வேர்டு, யாருக்கும் தெரியாது. பழைய செக்யூர் பூட் அமைப்பை அப்படியே திருப்பி வைத்ததும் நல்லவேளையாகத் திறந்துகொண்டது. ஆகவே பயாஸில் கைவைக்கும் முன் அந்தச் சாவியைத் தேடி ஒரு தாளில் எழுதிவையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பதில் பயனில்லை.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணைந்துவிட்டது என்றுதான் நினைப்போம். இந்த வசதி இயங்கினால் அது தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். அரைத்தூக்கத்தில் இருக்கும் டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் விடும், இல்லையேல் திறக்கவே மறுக்கும். வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதினால் கோப்புகள் சிதையலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

பேக்கப் எடுத்தாயிற்றா என்று கேட்டால், “சி-யில் இருந்ததை எல்லாம் டி-க்கு மாற்றிவிட்டேன்” என்பார்கள். ஒரே டிஸ்கைப் பிரித்ததுதானே இரண்டும்! நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதைத் தெரியாமல் அழுத்தினால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே தனி ஹார்ட் டிஸ்கில் எடுப்பதுதான் பேக்கப்.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே வெட்டுங்கள். நூறு ஜிபி காலியாக இருந்தும் இருபதுதான் வெட்டலாம் என்று அது சொல்லக்கூடும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷனையும் (கணினியின் நிலையை டிஸ்கில் எழுதி உறங்க வைப்பது) பேஜ் ஃபைலையும் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் வைக்கும் கோப்பு) தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும், 100 இருந்தால் நிம்மதி. வெட்டிய இடத்துக்கு ஈ டிரைவ் என்று பெயர் வைத்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சும்மா காலியாகக் கிடக்கட்டும், நிறுவி தேடுவது அதைத்தான்.

எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில், லினக்ஸ் நிறுவி இருக்கும் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ (கணினி எழும் புதிய முறை) என்று முன்னால் போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் விண்டோஸ் அந்த முறையில் ஏறியதாக இருந்தால் லினக்ஸும் அதே முறையில்தான் ஏற வேண்டும். பிரிவுகளை நீங்களே அமைப்பதாக இருந்தால், சுமார் 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பிரிவை ஃபார்மேட் செய்யவே கூடாது. விண்டோஸ் எழும் வழி அதில்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் காலை 10 மணிக்கு விண்டோஸ் 4:30 என்று காட்டினால் பயப்படாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

லினக்ஸ் பிடிக்கவில்லை என்று அதன் பிரிவை மட்டும் அழிப்பவர்களும் உண்டு. மறுநாள் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற ஒற்றைச் சொல் நிற்கும். எந்த இயங்குதளம் எழ வேண்டும் என்று கேட்க லினக்ஸ் வைத்த நிரல் அது. அழிக்கும் முன் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலாவதாக வைத்திருந்தால் அது வராது. அப்புறம், நிறுவப் பயன்பட்ட பென் டிரைவைப் பாட்டு ஏற்ற அழித்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் பக்கத்தில் இருந்த லினக்ஸ் எழ மறுத்தது. அப்படி ஏதாவது நடந்தால் சரிசெய்ய அந்த பென் டிரைவ் உதவும்.