உறவினருக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டுவது எப்படி: ஒரு காலை நடை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: காலையில் பத்துமலை, நண்பகலில் இரட்டைக் கோபுரம், மாலையில் ஏதாவதொரு பேரங்காடி, இடையிடையே நெரிசலில் நிற்கும் கார். வந்தவர்கள் நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள். ஆனால் இத்தனை இனத்தார் இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள், எப்படி அருகருகே குடியேறினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பழைய நகரின் நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். இதற்கு முன் யாரையும் அழைத்துச் சென்றிராதவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: முந்திய நாளே செய்ய வேண்டியவை

காலை எட்டு மணிக்குத் தொடங்குவதாகத் திட்டமிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, பிற்பகலில் மழைக்கும் வாய்ப்புண்டு. முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடை, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, ஆளுக்கொரு குடை, தண்ணீர் ஆகியவை போதும். ரயிலில் கட்டணம் செலுத்த உதவும் டச் என் கோ அட்டை ஒன்றை இருவர் பயன்படுத்த முடியாது என்பதால் ஆளுக்கொன்று வாங்கி வையுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. வழியிலுள்ள பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கான கூட்டம் இருக்கும்.

சொந்தக்காரர்களை அழைத்துச் செல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு வழிகாட்டுவது வேறு. 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். பெரிய குழுவாக வந்து நீங்களே ஒருவரை அமர்த்த நேர்ந்தால், அவரிடம் உரிமம் பெற்ற வழிகாட்டிக்குரிய நீல நிற பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஆற்றங்கரையில் தொடங்குங்கள்

மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி (நகர இலகு ரயில்) நிலையத்தில் இறங்கி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்திற்கு முதலில் செல்லுங்கள். இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ஊரின் பெயரே இங்கிருந்துதான் பிறந்தது. கோலா என்றால் ஆற்றுமுகம், லும்பூர் என்றால் சேறு. 1857-ஆம் ஆண்டில் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி ஆற்றின் வழியே மேலேறி வந்தபோது, படகு இங்குவரைதான் வந்தது. இதற்கு மேல் ஈயம் இருந்த அம்பாங்குக்குக் காட்டு வழியே நடக்க வேண்டியிருந்தது. படகு நின்ற இடத்தில் சரக்கு இறங்கியது, சரக்கு இறங்கிய இடத்தில் கடை முளைத்தது, கடையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித் தொழில் நடத்தும் கடைகள்) வந்ததும் அந்த வணிகத்தின் தொடர்ச்சிதான்.

இரு ஆறுகளுக்கு நடுவே நிற்கும் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் 1909-இல் திறக்கப்பட்டது. செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் அதன் பட்டைகளை அருகில் சென்று காட்டுங்கள்.

மூன்றாம் படி: டத்தாரான் மெர்டேக்கா (சுதந்திரச் சதுக்கம்)

ஆற்றைக் கடந்தால் 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் போன்ற ஒன்றை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? சென்னை உயர் நீதிமன்றம் என்ற விடை பெரும்பாலும் வந்துவிடும். ஆங்கிலேயர் இந்தியாவில் கையாண்ட இந்திய, இஸ்லாமியக் கட்டடக்கலைகள் கலந்த இந்தோ-சரசெனிக் பாணியைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார்கள். எதிரேயுள்ள திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறியது.

திடலில் நெடுநேரம் பேசாதீர்கள். காரைக்குடியிலிருந்து வந்த என் பெரியம்மாவை முதன்முறை அழைத்து வந்தபோது, வெயிலில் நிற்கவைத்து ஆண்டு ஆண்டாக அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ஓரத்து நிழலில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரிடத்திற்கு ஒரு செய்தி, அதுவும் நிழலில் நின்று சொல்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான்காம் படி: செண்ட்ரல் மார்க்கெட்

இங்கே கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் இருபது நிமிடம் போதும். 1888-இல் ஈரச்சந்தையாகத் தொடங்கிய இடம் இது. இப்போதுள்ள கட்டடம் 1937-இல் எழுந்தது.

ஐந்தாம் படி: மூன்று கோயில்கள்

நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே மிச்சமுள்ள நேரத்தை எல்லாம் இதற்கே ஒதுக்குங்கள். லெபோ பூடுவில் கடைகளுக்கு இடையே ஒடுங்கிய வாயிலுடன் இருக்கும் சின் சே சி யா கோயிலை 1864-இல் நிறுவியவர் சீனக் கப்பித்தானாக (சீனச் சமூகத் தலைவராக) இருந்த யாப் ஆ லோய். மூலவர்களில் ஒருவரான சின் சே யா, சுங்கை உஜோங் என்ற ஊரில் நடந்த பூசலில் கொல்லப்பட்ட சீனத் தலைவர். வெட்டுப்பட்டு மாண்ட வீரன் தெய்வமாவது மதுரை வீரனைக் கும்பிடும் நமக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. இதைச் சொன்னதும் விருந்தினர் தாமாகவே கைகூப்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பலிபீட மேசையின் அடியில் மூன்று முறை குனிந்து தவழ்ந்து வந்தால் நல்லது நடக்கும் என்பது இங்குள்ள நம்பிக்கை. பக்தர்கள் அதைச் செய்யும்போது படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து ஜாலான் துன் எச்.எஸ்.லீக்கு வந்தால், ஒரே தெருவில் 1888-இல் எழுந்த குவான் டி என்ற சீனக் கோயிலும், அதன் எதிர்ப்புறத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. ஊதுவத்திப் புகையிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடக்கும்போதே மல்லிகை மணம் வந்துவிடும். மாரியம்மன் கோயில் 1873-இல் தம்புசாமி பிள்ளையால் தொடங்கப்பட்டு, 1885-இல் இவ்விடத்திற்கு மாற்றப்பட்டது. முதலில் அது குடும்பக் கோயிலாகவே இருந்தது. ஐந்து நிலைக் கோபுரத்தை வாசலில் நின்றல்ல, எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். தைப்பூசத்தையொட்டி முருகனைத் தாங்கிய வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

பத்துமலையின் 272 படிகளில் அன்றே ஏற்றிவிட எண்ணாதீர்கள். பக்கத்துக் கடையில் வாழையிலைச் சோறு சாப்பிட்டு, பசார் செனி நிலையத்தில் ரயிலேற்றி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்துமலைக்கு மறுநாள் விடியற்காலையில், கேஎல் செண்ட்ரலிலிருந்து கம்யூட்டர் ரயிலில் போகலாம்.