டிரையத்லான் பயிற்சி: பினாங்கில் புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் 10 கிலோமீட்டரை முடித்தவர்கள் பலர் அடுத்த இலக்காக டிரையத்லானைக் குறிவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய இந்தப் போட்டியில் நம்மவர்களின் முகங்கள் கூடிவருவதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் இணையத்தில் கிடைக்கும் 12 வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை எடுத்து அப்படியே பின்பற்றுகிறார்கள். அவற்றில் பல, தண்ணீர் குளிர்ந்திருக்கும், காலைக்காற்று வறண்டிருக்கும் நாடுகளில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. பத்து பெரிங்கிக் கடலும் பாயான் லெப்பாஸ் வெயிலும் அந்த அட்டவணைக்குள் இல்லை. புதியவர்களை நடுவழியில் நிறுத்திவிடும் தவறுகளில் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அதற்கும் முன்னால் தூரம். ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப்போல இருமடங்கு. லங்காவியில் நடக்கும் முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் ஒரு முழு மாரத்தான். நண்பர்கள் அழைத்தார்கள் என்பதற்காக முதல் ஆண்டிலேயே லங்காவிக்குப் பதிவு செய்யாதீர்கள். ஸ்பிரிண்ட் போட்டியே புதியவருக்கு ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை பிடிக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கடலைத் தள்ளிப்போடுவது

நம்மில் பலர் நீச்சலைச் சிறுவயதில் கற்றவர்கள் அல்லர். முப்பது வயதில் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் கற்றுக்கொண்டவர்கள்தாம் அதிகம். பெண்களில் இன்னும் அதிகம். குளத்தில் 750 மீட்டர் நீந்த முடிந்ததும் நீச்சல் முடிந்துவிட்டது என்று சைக்கிள் பக்கம் போய்விடுகிறார்கள். போட்டி நாளன்றுதான் முதன்முறையாகக் கடலில் இறங்குகிறார்கள். எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

காரணம் இதுதான். வெளிநாட்டுக் காணொளிகளில் புதியவர்கள் உடலை இறுகப் பிடிக்கும் ரப்பர் நீச்சலுடை அணிந்திருப்பார்கள். அந்த உடை குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் இடங்களில் போட்டி விதிகள் அதை அனுமதிப்பதில்லை. நம் கடல் ஆண்டு முழுவதும் 28 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், இங்கே அந்த உதவி கிடையாது. கால்கள் தாழும், இடுப்பு தாழும், அதை உங்கள் நுட்பம் மட்டுமே தூக்கிப் பிடிக்க வேண்டும். குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவரைத் தொட்டு ஓர் அரை விநாடி ஓய்ந்துகொள்கிறோம். கடலில் சுவர் இல்லை. அடித்தரையில் கோடும் இல்லை. கலங்கிய பச்சைத் தண்ணீரில் சொந்தக் கையே மங்கலாகத்தான் தெரியும்.

என்னோடு பயிற்சி செய்த ஓர் ஆசிரியை குளத்தில் நன்றாக நீந்துவார். பத்து பெரிங்கியில் கரையிலிருந்து ஐம்பது மீட்டர் போனதும் தலையைத் தூக்கி, "அண்ணே, கால் தரையில் படவில்லை" என்றார். குரலில் மூச்சே இல்லை. "டீச்சர், மல்லாந்து படுங்கள். வானத்தைப் பாருங்கள். மூச்சை வாயால் ஊதி வெளியே விடுங்கள், இழுப்பதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்" என்றேன். இடுப்பில் கட்டியிருந்த மிதவையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தார். உதடுகள் குவிந்து ஊதுவது தெரிந்தது. சிறிது நேரத்தில் தோள்கள் தளர்ந்தன. பிறகு அவரே திரும்பி, மெதுவாகக் கைவீசித் தொடர்ந்தார்.

அவருக்கு நடந்தது கோழைத்தனம் அன்று. பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொள்ளும்போது உடலில் கரியமில வாயு சேர்கிறது. மூச்சு முட்டுவதைப்போன்ற உணர்வைத் தருவது அதுதான். ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் தொடர்ந்து காற்றை வெளியே விடப் பழகுங்கள். தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே நேரம் இருக்கும். முதல் நூறு மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, நீந்தும் பாதையைக் காட்டும் மிதவைக் குறியைப் பார்க்கப் பழகுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் கால்கள் மூழ்கும். இதைச் செய்யாதவர்கள் 750 மீட்டரை வளைந்து வளைந்து 900 மீட்டராக்கி விடுகிறார்கள்.

கடலில் ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள். ஒளிரும் நிறத்தில் மிதவை கட்டிக்கொள்ளுங்கள். படகுகளும் ஜெட் ஸ்கிகளும் உங்களைப் பார்க்க வேண்டும். பினாங்குக் கரையோரம் ஜெல்லி மீன்கள் உண்டு, பெட்டி ஜெல்லி மீனும் காணப்படுகிறது. நீளக்கை நீச்சலுடை நல்ல காவல். கொட்டினால் தேய்க்காதீர்கள், கரையேறி வினிகர் ஊற்றுங்கள். மூச்சுத் திணறலோ கடும் வலியோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் பதிவான 135 உயிரிழப்பு, இதயநிறுத்த நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை எனத் தெரியவந்தது. நடுவயதைக் கடந்த ஆண்களிடம் ஆபத்து கூடுதலாக இருந்தது. மலேசியாவில் நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம், இதயநோயும் பல குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. நாற்பதைத் தாண்டியவரா, அப்பாவுக்கோ மாமாவுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா, மருத்துவரைப் பார்த்த பிறகே அட்டவணையைத் திறவுங்கள். மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

வெயில் நமக்குப் பழக்கம்தானே என்பது

இதை அடிக்கடி கேட்கிறேன். உண்மையில், காலை ஆறு மணிக்கு இருட்டில் ஓடி முடித்து, குளிரூட்டிய காரில் போய், நாள் முழுவதும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவரின் உடலுக்கு வெயில் பழக்கமே இல்லை. போட்டியோ வேறு மாதிரி. ஏழரை மணிக்கு நீச்சல் தொடங்கினால், புதியவர் ஓடத் தொடங்கும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கும் நேரம். அதுவரை அதிகாலையில் மட்டுமே ஓடியவர்கள் அங்கேதான் நடக்க ஆரம்பிக்கிறார்கள்.

உடல் வெப்பத்துக்குப் பழகப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், இதயத்துடிப்பு அடங்கும். எனவே போட்டிக்கு முந்தைய வாரங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒன்பது மணி வெயிலில் மெதுவாக ஓடுங்கள், சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். அட்டவணையில் இருக்கும் வேகத்தைப் பிடிக்க முயலாதீர்கள். ஈரக்காற்றில் வியர்வை உலராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே நம்பகமான அளவுகோல். பேச்சுத் தடுமாறினால், திசை குழம்பினால், குளிரெடுப்பதுபோல் இருந்தால் நிறுத்துங்கள். நிழலுக்குப் போய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸையும் அழையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. ஒருமணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலி, குமட்டல் முதல் மயக்கம்வரை கொண்டுபோகும். நீண்ட பயிற்சிக்கு உப்புச் சேர்ந்த பானம் தேவை.

புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்பயிற்சியை விட்டுவிடுங்கள். ஒரு நாள் ஓட்டத்தைவிட நுரையீரல் பெரிது.

சைக்கிளில் பணத்தைக் கொட்டுவது

பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கார்பன் சைக்கிள் வாங்கியவர், அதன் டியூபை மாற்றத் தெரியாமல் பாலிக் பூலாவ் மேட்டில் நிற்பதை வார இறுதிகளில் காணலாம். முதல் போட்டிக்கு நல்ல பிரேக் உள்ள எந்தச் சைக்கிளும் போதும், இரவலும் போதும். முதலில் சரிசெய்ய வேண்டியது இருக்கையின் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதிக்கு மாற்றினால் முழங்கால் சற்றே மடங்கும். இது சரியில்லாமல்தான் பலருக்கு முழங்கால் வலி வருகிறது. கனமான கியரை மெதுவாக மிதிப்பதும் இன்னொரு காரணம். இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிக்கப் பழகினால் ஓட்டத்துக்குக் கால் மிச்சமிருக்கும்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பஹாங் போகும் கடற்கரைச் சாலை அழகானது, ஆனால் குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. இங்கே சூரியன் எழ ஏழு மணியைத் தாண்டிவிடும். முன்னும் பின்னும் விளக்கில்லாமல் ஆறு மணிக்குப் புறப்படுவதை மன்னிக்கவே முடியாது. தெலுக் பஹாங் மேட்டைத் தாண்டிப் பாலிக் பூலாவுக்கு இறங்கும்போது ஈர இலைகளும், டுரியான் பருவத்தில் கடைகளுக்காகத் திடீரென நிற்கும் கார்களும் காத்திருக்கும். பிரேக்கில் விரலை வைத்தே இறங்குங்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது தொடைகள் மரக்கட்டையாய்க் கனக்கும். அது எல்லோருக்கும் வருவது. வாரம் ஒருமுறை சைக்கிள் முடிந்த கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் கால்கள் பழகிவிடும். இரண்டையும் தனித்தனி நாளில் மட்டும் செய்பவர்களுக்குத்தான் அது அதிர்ச்சியாகிறது. ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது, சைக்கிள்களை வைத்திருக்கும் உடைமாற்றும் இடத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிவிட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே கழற்றலாம். மாறினால் தண்டனை உண்டு. குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சில முறை ஒத்திகை பார்த்தாலே கை பழகிவிடும்.

வயிறும் தூக்கமும்

போட்டி நாள் காலையில் நாசி லெமாக் வேண்டாம். தேங்காய்ப்பாலும் வறுவலும் வயிற்றில் நெடுநேரம் தங்கும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் காயா எனும் தேங்காய்ப்பால் ஜாம் மெல்லியதாகத் தடவிய ரொட்டி, வாழைப்பழம், சட்னியைக் குறைத்து இட்லி என்று பசியாறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. போட்டிக் கண்காட்சிக் கூடத்தில் இலவசமாகக் கொடுத்த மாவுச்சத்து ஜெல் பொட்டலத்தைப் போட்டியில் முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டுமே எடுத்துச் செல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டு பார்க்கும் தம்பி தங்கைகளிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். இரவு ஷிப்டு முடிந்து நேராகச் சைக்கிளில் ஏறாதீர்கள். தூக்கக் கலக்கத்தோடு சாலையில் இருப்பது உங்களுக்கு மட்டும் ஆபத்தில்லை. ஏழு நாள் அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஷிப்டுச் சுழற்சியை வைத்துப் பயிற்சியைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவு வேலை நாள்களில் இருபது நிமிட மெது ஓட்டமே போதும், நீண்ட பயிற்சிகள் விடுமுறை நாளுக்கு. தவறவிட்ட பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள், போனது போகட்டும். நடையையே மாற்றும் அளவு வலி இருந்தால் அது களைப்பு அன்று, காயம்.

கடைசி வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். விட்டுப்போனதை அந்த வாரத்தில் பிடிக்க முடியாது. முந்தைய நாள் போட்டி நடக்கும் கரைக்குப் போய், மிதவைக் குறிகள் எங்கே, கரையேறும் இடத்துக்குப் பின்னால் உயரமாகத் தெரியும் கட்டடம் எது என்று பார்த்து வையுங்கள். நீச்சல் தொடங்கும்போது கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாகப் பின்னால் நில்லுங்கள். முன்னால் இருப்பவர்களின் கைகால்கள் விலகப் பத்துப் பதினைந்து விநாடி விட்டு இறங்குங்கள். தெளிந்த தண்ணீரில், நீங்கள் பழகிய மூச்சில் முதல் நூறு மீட்டரை நீந்த அந்த இடைவெளி போதும்.